ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. முக்கோணம் மட்டும் எல்லா ஊரிலும் 180 எப்படி?

கோத்தகிரி_கணக்கு:

வணக்கம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சரியான பதில் தேவை. மழுப்பி அனுப்ப மனம் வரவில்லை.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். அதனால் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும். குக்கர் வைத்தாலும், வெயிட் கூட்டும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் சேர்கிறது. கடற்கரையில் 120 டிகிரியை ஒட்டிப் போவது இங்கே 116 பக்கம் நின்றுவிடும். ஆக, புத்தக வாக்கியம் மலை ஏறினால் மாறிவிடுகிறது.

மாணவர்கள் கேட்பது: 7+5=12, முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் 180. இவை மட்டும் மேட்டுப்பாளையத்திலும் தொட்டபெட்டா உச்சியிலும் மாறாமல் இருப்பது ஏன்? எல்லா ஊருக்கும் போய் யார் பார்த்தது? "நிரூபணம் இருக்கிறது" என்று சொன்னால், அந்த நிரூபணம் சரி என்று எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வருகிறது.

கணித உண்மை எந்த வகை உண்மை, அதை நாம் எந்த வழியில் அறிகிறோம், இரண்டையும் பிரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

குன்னூர்_சர்வே:

சார், முக்கோணத்திலிருந்து தொடங்கலாம். ஏனென்றால் தரையில் அளக்கும் முக்கோணம் 180 இல்லை. கொஞ்சம் கூடுதல்.

பூமி உருண்டை. ஆரத்தை 6371 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், முக்கோணத்தின் பரப்பு ஒவ்வொரு 197 சதுர கிலோமீட்டருக்கும் கோணக் கூட்டுத்தொகை ஒரு செகண்ட் ஏறும். செகண்ட் என்றால் ஒரு டிகிரியில் 3600ல் ஒரு பங்கு. இதற்குக் கோள மிகை என்று பெயர். பக்கம் 200 மீட்டர் உள்ள தேயிலைத் தோட்ட முக்கோணத்தில் இந்த மிகை ஒரு செகண்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. எந்தக் கருவியிலும் தெரியாது. பக்கம் 30 கிலோமீட்டர் என்றால் 2 செகண்ட். 100 கிலோமீட்டர் என்றால் 22 செகண்ட், அதை ஒதுக்கவே முடியாது. 1802ல் பரங்கிமலை பக்கம் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய முக்கோண அளவையிலேயே இந்த மிகையைக் கணக்கிட்டுக் கழித்திருக்கிறார்கள். வழக்கமான முறை எளிது: மிகையில் மூன்றில் ஒரு பங்கை ஒவ்வொரு கோணத்திலும் கழித்துவிட்டு, அதற்குப் பிறகு தட்டையான முக்கோணம் போலவே பக்கங்களைக் கண்டுபிடிக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சின்ன முக்கோணம் ஒன்றை டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி), தொலைநோக்கியை இரு நிலையிலும் திருப்பி, ஃபேஸ் லெஃப்ட், ஃபேஸ் ரைட் இரண்டும் படித்து எடுக்கிறோம். கூட்டினால் 180 டிகிரி 0 நிமிடம் 6 செகண்ட் வருகிறது. எந்த சர்வேயராவது "யூக்ளிட் தப்பு" என்று ஃபீல்டு புக்கில் எழுதுவாரா? மாட்டார். சென்டரிங்கை, அதாவது கருவி புள்ளிக்கு நேர் மேலே நிற்கிறதா என்று பார்ப்பார், 200 மீட்டர் தூரத்தில் 2 மில்லிமீட்டர் விலகினாலே 2 செகண்ட் போய்விடும். வெயில் ஒரு பக்கமாக அடித்து டிரைபாட் கால் சூடேறியதா, மட்டம் காட்டும் பபிள் நகர்ந்ததா என்று பார்ப்பார். பார்வைக்கோடு தேயிலைச் செடியை உரசிக்கொண்டு போகிறதா என்று பார்ப்பார், சூடான காற்றில் ஒளி வளையும். எல்லாம் சரியாக இருந்தால் 6 செகண்டை மூன்றாகப் பிரித்து மூன்று கோணத்திலும் கழிப்பார்.

கவனியுங்கள், மிகையைக் கழிப்பதும் மூன்றாகப் பிரித்துத்தான், பிழையைக் கழிப்பதும் மூன்றாகப் பிரித்துத்தான். கணக்கு ஒன்றே. காரணம் வேறு. பிழை ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். மிகை எப்போதும் கூடத்தான் செய்யும், அதுவும் பரப்புக்கு நேர் விகிதத்தில். முதல் வகை வந்தால் கருவியைத் திருத்துகிறோம். இரண்டாவது வகை வந்தால், நாம் நிற்கிற இடம் அந்தத் தேற்றம் பேசுகிற இடமே இல்லை என்று புரிந்துகொள்கிறோம். இரண்டிலும் தேற்றம் தொடப்படுவதில்லை.

ஏனென்றால் தேற்றம் "தரையில் 180" என்று எங்கேயும் சொல்லவில்லை. "இணைகோட்டு மெய்கோள் உட்பட யூக்ளிட்டின் மெய்கோள்கள் பொருந்துமானால் 180" என்றுதான் சொல்கிறது. மெய்கோள் என்றால் நிரூபிக்காமல் அடிப்படையாக ஏற்கும் கூற்று. தன் நிபந்தனையைக் கையோடு தூக்கிக்கொண்டு வருகிறது. எந்த ஊருக்குப் போனாலும் பொய்யாகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். தண்ணீருக்கும் "கடல்மட்ட அழுத்தத்தில்" என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் அந்த வாக்கியமும் ஊட்டியில் பொய்யாகாது. ஆனால் ஒரு வித்தியாசம் மிஞ்சும். அழுத்தத்துக்கும் கொதிநிலைக்கும் உள்ள தொடர்பை வெப்பமானி வைத்து அளந்துதான் கண்டார்கள். மெய்கோளுக்கும் 180க்கும் உள்ள தொடர்பை அளக்காமலே காண முடிகிறது.

கொடை_அளவை:

மேலே சொன்ன கடைசி வித்தியாசத்துக்குத் தமிழில் பழைய சொல் உண்டு: அளவை. அறிவு வந்து சேரும் வழி. காண்டல் அளவை கண்ணால் அறிவது, கருதல் அளவை ஏது கொண்டு உய்த்து அறிவது. இதற்கான நிலையான எடுத்துக்காட்டே மலைதான். இம்மலை நெருப்புடையது (பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று), புகை உடைமையால் (ஏது, காரணம்), அடுக்களை போல (திட்டாந்தம், எடுத்துக்காட்டு). மணிமேகலையின் 29ஆம் காதை இதை விரிவாக ஆராய்கிறது.

அந்தக் காதை ஏதுப்போலிகளையும், அதாவது ஏதுபோலத் தோன்றும் தவறான காரணங்களையும், வகைப்படுத்துகிறது. அவற்றில் சித்தாசித்தம் என்பது, தெரிவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமல் இருக்கும்போதே அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது. கொடைக்கானலிலோ குன்னூரிலோ டிசம்பர் காலையில் எதிர்ச்சரிவைப் பார்க்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். பள்ளத்திலிருந்து எழும் மஞ்சும் சருகு எரிக்கும் புகையும் தூரத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். அங்கே நெருப்பு உண்மையிலேயே எரிந்துகொண்டிருந்தாலும், மஞ்சைப் பார்த்து "நெருப்பு" என்றவர் நெருப்பை அறிந்தவர் ஆகமாட்டார். சொன்னது மெய், நம்பியதும் உண்டு, ஆனால் வழி தப்பு. உண்மை வேறு, அறிவு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் மாணவர்களுக்குக் கிடைக்காது.

இனி, கணிதத்தில் ஏன் "பல இடங்களில் பார்த்தோம்" என்பது போதாது என்பதற்குக் கரும்பலகையிலேயே செய்து காட்டக்கூடியது ஒன்று. ஒரு வட்டம் வரையுங்கள். சுற்றளவில் புள்ளிகள் வைத்து ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நேர்கோட்டால் இணையுங்கள். உள்ளே மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் ஆறாவது புள்ளியில் இந்தத் தவறு நேரும், அதனால் சற்றுக் கோணலாகவே வையுங்கள். வட்டம் எத்தனை துண்டாகிறது என்று எண்ணினால் 1 புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, 16. ஆறாவது புள்ளிக்கு எல்லோரும் 32 என்பார்கள். எண்ணிப் பார்த்தால் 31.

ஐந்து உதாரணம் குறைவு, கோடி உதாரணம் பார்த்தால் போதும் என்று தோன்றலாம். அதுவும் போதாது. 1919ல் போல்யா என்ற கணித அறிஞர் ஒரு ஊகத்தை வைத்தார். 1 முதல் 2 வரையோ அதற்கு மேல் எந்த எண் வரையோ எடுத்தாலும், பகாக் காரணிகளைத் திரும்ப வருவதையும் சேர்த்து எண்ணினால், ஒற்றைப்படை எண்ணிக்கையில் காரணி உள்ளவை பாதிக்குக் குறையாது என்பது அது. 1958ல் ஹேசல்குரோவ் அது பொய் என நிறுவினார். முதன்முதலாகப் பொய்க்கும் இடம் 90,61,50,257 என்று 1980ல் தெரிந்தது. அதற்கு முன் உள்ள 90 கோடி எண்களில் ஒன்றுகூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

குறிஞ்சியோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். 1994, 2006, 2018ல் பூத்தது, 2030ல் பூக்கும் என எதிர்பார்க்கிறோம். நல்ல எதிர்பார்ப்புதான், ஆனால் மழையும் காட்டுத்தீயும் காடழிப்பும் குறுக்கே வரலாம். 2030 ஒரு இரட்டை எண் என்பதும் நமக்குத் தெரியும். அதை யாரும் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை.

முத்தோரை_ரோடு:

சர்வே ஐயா சொன்னதோடு ஒன்று. ஊட்டி முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், குறுக்குவெட்டில் பரவளையம். இடத்தின் அட்சரேகை அளவுக்கே, சுமார் 11 டிகிரி, சாய்ந்த சரிவில் வடக்கு தெற்காகப் போட்டிருப்பதால் அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பினால் வான்பொருளைத் தொடரலாம். பரவளையத்தில் அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் குவியத்தில் சேரும் என்ற தேற்றத்தில் சிறிதும் பிசகில்லை. இரும்புச் சட்டமும் கம்பிகளும் அப்படித் துல்லியமாக இருக்க முடியாது. ஆனாலும் வேலை செய்கிறது, ஏனென்றால் அது கேட்கும் அலைநீளம் சுமார் 92 சென்டிமீட்டர். ஓரிரு சென்டிமீட்டர் பிசகு அந்த அலைக்கு ஒரு பொருட்டே இல்லை. அதே சட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குவிக்க முடியாது. தேற்றம் எவ்வளவு தூரம் "பொருந்துகிறது" என்பதைத் தேற்றம் தீர்மானிப்பதில்லை, கேட்கிற அலை தீர்மானிக்கிறது.

கோத்தகிரி_கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. முக்கோணம் தெளிவாகிவிட்டது. ஆனால் 7+5? அதுவும் "இந்த மெய்கோள்கள் பொருந்தினால்" என்ற வகைதானா? அப்படியானால் வேறு மெய்கோள் எடுத்து 7+5ஐ 13 ஆக்கலாமே என்று அடுத்து கேட்பார்கள்.

உதகை_எண்:

கேட்கட்டும், நல்ல கேள்வி. கடிகாரக் கணக்கில் 7+5 பூஜ்யம்தான். ஆனால் அங்கே "7", "+" என்ற சொற்களின் பொருள் மாறிவிட்டது. எண்ணுவதைப் பற்றிய பேச்சே அது இல்லை.

எண்ணுவதற்கான மெய்கோள்களைப் பியானோ 1889ல் தொகுத்தார். கூட்டலுக்கு இரண்டே விதி. பூஜ்யத்தைக் கூட்டினால் எண் மாறாது. ஒரு எண்ணோடு "இன்னொன்றின் அடுத்தது"ஐக் கூட்டினால், கூட்டுத்தொகையின் அடுத்தது கிடைக்கும். 2+2ஐப் போட்டுப் பாருங்கள். 2+2 என்பது 2+(1இன் அடுத்தது), அதாவது (2+1)இன் அடுத்தது. 2+1 என்பது 2+(0இன் அடுத்தது), அதாவது (2+0)இன் அடுத்தது. 2+0 என்பது 2. அதன் அடுத்தது 3, அதன் அடுத்தது 4. 7+5க்கு இதே படி ஐந்து தடவை. எங்கேயும் கூழாங்கல்லை எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டு மழைத்துளி சேர்ந்து ஒரு துளி ஆவதால் 1+1=1 ஆகிவிடாது என்பதும் இதனால்தான்; துளிகள் எண்ணும்போது தனித்தனியாக நிற்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே உடைந்துவிட்டது.

ஆனால் முக்கோணத்துக்குச் சொன்ன "மெய்கோள் பொருந்தினால்" என்ற பதில் எண்களுக்கு முழுதாகப் போதாது. இதைத்தான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன்.

ஒரு விளையாட்டு. 4ஐ எடுங்கள். அதை 2இன் அடுக்குகளாக எழுதினால் 2². இப்போது 2 உள்ள இடமெல்லாம் 3 போட்டு 1 கழியுங்கள்: 3³ = 27, கழித்தால் 26. 26ஐ 3இன் அடுக்குகளில் எழுதினால் 2×9 + 2×3 + 2. 3ஐ 4 ஆக்கினால் 2×16 + 2×4 + 2 = 42, கழித்தால் 41. அடுத்து 4ஐ 5 ஆக்கினால் 60. பிறகு 83, 109... ஏறிக்கொண்டே போகிறது. அடுக்கில் இருக்கும் எண்ணையும் மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. 2²ஐ 3² என்று எழுதினால் கணக்கு வேறாகிவிடும்.

எந்த எண்ணில் தொடங்கினாலும் இது ஒருநாள் பூஜ்யத்துக்கு இறங்கியே தீரும் என்று குட்ஸ்டீன் 1944ல் நிறுவினார். 3இல் தொடங்கினால் 3, 3, 3, 2, 1, 0 என்று ஆறே வரியில் முடிந்துவிடும். 4இல் தொடங்கினால் முடிய எடுக்கும் படிகளின் எண்ணிக்கை பன்னிரண்டு கோடி இலக்கங்களைத் தாண்டும். முடியும் என்பது மட்டும் உறுதி.

1982ல் கிர்பியும் பாரிஸும் காட்டியது என்னவென்றால், "எல்லா எண்ணுக்கும் இது முடியும்" என்பதைப் பியானோ மெய்கோள்களை மட்டும் வைத்து நிரூபிக்கவே முடியாது. ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக அந்த மெய்கோள்களிலேயே நிரூபணம் உண்டு. மொத்தமாக ஒரே நிரூபணம்தான் இல்லை. அதற்கு முடிவிலியைத் தாண்டிய வரிசை எண்களை நம்ப வேண்டியிருக்கிறது. "உண்மை என்றால் மெய்கோளிலிருந்து வருவது" என்று மட்டும் வைத்துக்கொண்டால் குட்ஸ்டீன் தேற்றம் உண்மையும் இல்லை பொய்யும் இல்லை என்று ஆகும். ஒவ்வொரு எண்ணுக்கும் முடிகிறதே, அதை எப்படி உண்மை இல்லை என்பது?

கேடல் 1931ல் பொதுவாகச் சொன்னது இதைத்தான்: முரண்பாடில்லாத, இயந்திரம்போலப் பட்டியலிடக்கூடிய, ஓரளவு எண்கணிதம் செய்யக்கூடிய எந்த மெய்கோள் தொகுதிக்கும் எட்டாத உண்மை ஒன்று இருக்கும். இதை இரண்டு விதமாகத் தப்பாகச் சொல்கிறார்கள். "கணிதமே நிச்சயம் இல்லை என்று கேடல் நிரூபித்துவிட்டார்" என்பது ஒன்று. அவருடைய தேற்றமே கறாரான நிரூபணம் உள்ள கணிதம். "எந்த வழியிலும் நிரூபிக்க முடியாத உண்மை" என்பது இன்னொன்று. நிரூபிக்க முடியாதது அந்தத் தொகுதிக்குள் மட்டும். தொகுதியைப் பெரிதாக்கினால் அது நிரூபணமாகும், வேறொன்று எட்டாமல் நிற்கும்.

கொடை_அளவை:

உதகை அவர்கள் சொன்னதில் ஒரு முடிச்சு இருக்கிறது, அவிழ்க்காமல் விடக்கூடாது. எண்களின் உண்மை மெய்கோளுக்கு வெளியேயும் நிற்கிறது என்றால், அந்த எண்கள் எங்கே இருக்கின்றன? இடமும் காலமும் இல்லாத பொருளை நாம் எந்த அளவையால் அறிகிறோம்? காண்டலுக்கு எட்டாது. கருதலுக்கோ ஏது வேண்டும், அந்த ஏது எங்கோ ஓரிடத்தில் நம்மைத் தொட்டிருக்க வேண்டும். மறுபக்கம், கணிதம் வெறும் குறிகளை மாற்றும் விதி என்றால் அறிவு எளிதாகிவிடும், ஆனால் "உண்மை" என்ற சொல் மற்ற இடங்களில் தரும் பொருளை இங்கே தராது. தத்துவ அறிஞர் பெனாசெராஃப் 1973ல் இந்த இருதலைச் சிக்கலைத் தெளிவாக எழுதினார். ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் பிய்ந்துகொள்கிறது. என் நிலைப்பாடு, உண்மையை விட்டுக்கொடுக்கக் கூடாது. அறிவைப் பற்றிய நம் கணக்கைத்தான் விரிவாக்க வேண்டும். தீர்ந்துவிட்டது என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், தீரவில்லை.

"நிரூபணம் சரி என்று எப்படித் தெரியும்" என்ற கேள்விக்கு நான்கு வண்ணத் தேற்றத்தைக் காட்டுங்கள். ஒட்டியிருக்கும் இரண்டு பகுதிகள் ஒரே நிறமாகாமல் தீட்ட எந்த வரைபடத்துக்கும் நான்கு நிறம் போதும் என்று கெம்ப்பே 1879ல் ஒரு நிரூபணம் வெளியிட்டார், எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். 1890ல் ஹீவுட் அதில் ஓட்டை கண்டுபிடித்தார். அந்தப் பதினோரு ஆண்டுகள் நடந்தது மஞ்சைப் புகை என்று எண்ணியதேதான்: தேற்றம் உண்மை, நம்பிக்கை இருந்தது, அறிவு இல்லை. 1976ல் அப்பெலும் ஹாக்கெனும் கம்ப்யூட்டர் உதவியோடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களைச் சோதித்து நிறுவினார்கள். எந்த மனிதராலும் முழுவதையும் கையால் சரிபார்க்க முடியவில்லை என்ற மனக்குறை இருந்தது. 2005ல் கோன்த்தியே ஒவ்வொரு படியையும் நிரூபணச் சரிபார்ப்பு மென்பொருளில் ஓட்டிக் காட்டினார். இப்போது நாம் நம்ப வேண்டியது அந்த மென்பொருளின் சிறிய உட்கருவையும், அது ஓடும் இயந்திரத்தையும். நம்பிக்கை இல்லாமல் போய்விடவில்லை. எங்கே வைத்திருக்கிறோம் என்பது தெளிவாகிவிட்டது.

குன்னூர்_சர்வே:

சார், வகுப்பில் காட்ட ஒன்று சொல்கிறேன். ஒரு ரப்பர் பந்து, நூல், குண்டூசி, கோணமானி. ஆரஞ்சுப் பழம் வேண்டாம், மேடு பள்ளத்தில் நூல் ஒரு பக்கமாக வழுக்கும். பந்தின் உச்சியில் ஒரு ஊசி. நடுவட்டத்தில் கால் சுற்று இடைவெளி விட்டு இரண்டு ஊசி. நூலை இறுக்கி இழுத்து மூன்றையும் இணைத்தால் மூன்று மூலையும் 90, கூட்டினால் 270.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நூல் தொய்வாக இருந்தால் அது பெருவட்டத்தில் (பந்தைச் சரிபாதியாக வெட்டும் வட்டம்) போகாது, கோணம் தப்பாகும். பிள்ளைகள் பெரும்பாலும் நடுவட்டத்துக்கு மேலே ஒரு அட்சரேகையையே பக்கமாக வரைந்துவிடுவார்கள். அது பந்தின் மேல் நேர்கோடு இல்லை. அதே இரண்டு ஊசிக்கு நடுவே நூலை இழுத்தால் அந்தக் கோட்டை விட்டு மேலே ஏறுவதைக் கண்ணாலேயே காட்டலாம். கோணமானியை மூலைக்குப் பக்கத்தில், அரை சென்டிமீட்டருக்குள் வைத்துப் படிக்க வேண்டும், தள்ளி வைத்தால் வளைவு கோணத்தில் கலந்துவிடும். பிறகு அதே பந்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முக்கோணம் வரைந்து அளக்கச் சொல்லுங்கள். 180க்கு ஓரிரண்டு டிகிரி கூடவோ குறையவோ வரும். அது மிகையா பிழையா என்று அவர்களையே சொல்ல விடுங்கள்.